அந்த அத்தியாயத்தை வெட்டாதீர்கள்: கிறிஸ்தவ வெளியீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலுள்ள எங்கள் சபைத் தங்கை ஒருத்தி உங்களுக்கு அனுப்பிய நாவல் போன மாதம் திரும்பி வந்தது. நீங்கள் எழுதிய கடிதமும் பென்சிலால் கோடு போட்ட பக்கங்களும் உங்களுக்கு நினைவிருக்கும் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தை வெட்டாமல் அச்சிடுங்கள்.

உங்கள் சரித்திரக் காதல் நாவல்களை நாங்கள் வெறுப்பவர்கள் இல்லை. எங்கள் மாதர் ஐக்கியத்து அலுமாரியில் அட்டை பிய்ந்து கிடப்பவை எல்லாம் உங்கள் புத்தகங்கள்தான். மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கி, சமையல் முடித்த பிறகு பெண்கள் அவற்றை வாசிக்கிறார்கள். கெட்டுப்போன ஒருவன் கர்த்தரிடம் திரும்புவான், ஒருத்தி அவனை மன்னிப்பாள் என்று தெரிந்தும் கண் கலங்கி வாசிக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் கதாநாயகன் முழங்கால்படியிட்டு அழுத அடுத்த பக்கத்திலேயே கல்யாண மணி அடிக்கிறது. அவனிடம் பறிகொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் தங்கை அதைக் கேட்டிருக்கிறாள். அவளுடைய கதாநாயகன், ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்துவந்து மேய்க்கிற பெரிய கங்காணியின் மகன். 1921க்கு முந்திய காலம். தோட்டம் தோட்டமாக நடந்துவந்த உபதேசியார் ஒருவரின் வாயால் வசனம் கேட்டு மனந்திரும்புகிறான். தான் விரும்புகிற பெண்ணின் முன்னால் போய் நிற்பதற்கு முதல், விடியற்காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்துக்கு, அவர்கள் பட்ட கடனை எழுதிய தகப்பனின் கணக்குப் புத்தகத்தோடு வருகிறான். பெயர் பெயராக வாசிக்கிறான். ஒரு கம்பளி, இவ்வளவு அரிசி, ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த செலவு. வாசித்து வாசித்து ஒவ்வொரு கடனையும் கோடு போட்டு அடிக்கிறான். ஒரு கிழவியின் முறை வருகிறது. அவள் புருஷனை அடக்கம் பண்ண எடுத்த கோடித் துணியின் விலை இத்தனை வருஷமாக அவள் பெயரில் நின்றிருக்கிறது. அதை அவன் உரக்க வாசிக்க முடியாமல் நிற்கிறான். “வாசிங்க தம்பி, எல்லாருக்கும் கேட்கட்டும்” என்கிறாள் அவள்.

அந்த வரியின் மேல்தான் உங்கள் பென்சில் குறுக்கே போயிருக்கிறது. ஓரத்தில், “தேவையில்லை, ஜெபத்தோடு முடிக்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடிதத்தில் காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். இரட்சிப்பு விசுவாசத்தினால் வருவது, கடனைத் திருப்பிக் கொடுப்பது கிரியை, அதனால் வாசகர் குழம்புவார்கள் என்று. ஐயாமாரே, அம்மாமாரே, வரி வசூலித்த சகேயுவை நினைத்துப் பாருங்கள். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதானே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார்? ஆண்டவர் அவனைத் தேடிப் போனதால்தான் அவன் கை திறந்தது. எங்கள் தங்கையின் கதையிலும் அதே வரிசைதான். விசுவாசம் முந்தி வருகிறது, கணக்குப் புத்தகம் பிந்தி வருகிறது. ஓசியா தீர்க்கதரிசி தன் மனைவியை மீட்டபோது பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்ததை வேதம் அளவோடு எழுதி வைத்திருக்கிறது. அடிமையான ஒநேசிமு பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் வை என்று பவுல் பிலேமோனுக்கு எழுதுகிறார்.

ரூத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் காதல் கதை எழுதுகிற எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். பிழைப்புக்காக அந்நிய தேசத்துக்கு வந்து, பிறர் வயலில் அரிவாள்காரர் பின்னால் கதிர் பொறுக்கிய கூலிப்பெண் அவள். எங்கள் பெண்கள் அவளைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் அவளை மீட்டது இரவில், களத்து மேட்டில் முடிந்துவிடவில்லை. ஊர் வாசலில் பத்து மூப்பரை உட்காரவைத்து, நிலத்தின் கணக்கைப் பேசி, சாட்சி வைத்து முடித்தான். பெரட்டுக் களத்தில் கங்காணி மகன் செய்தது அதுதான். அதை வெட்டினால் மீட்பையே வெட்டுகிறீர்கள்.

இரண்டாவது காரணமாக, துண்டு, ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசு எல்லாம் அரசியல், இன்றைய வாசகருக்கு விளங்காது என்கிறீர்கள். எங்களுக்கு நன்றாக விளங்கும். ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடன் தீர வேண்டும். அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை எழுதிக் கொடுத்த காகிதம்தான் துண்டு. புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்தது. கடன் அவர்களோடேயே மலை ஏறி வந்தது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். மனிதனை விலைபேசிய காகிதம் ஒன்று எங்கள் சரித்திரத்திலேயே இருக்க, மீட்பைப் பற்றி எழுதுகிறவள் அதை எப்படி விட்டுவிடுவாள்?

உங்கள் யோசனை ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கங்காணி மகனுக்குப் பதிலாக இங்கிலாந்திலிருந்து வந்த சின்னதுரையை, அதாவது துரைக்கு உதவியாளனை, கதாநாயகனாக்கினால் கதை எடுபடும் என்கிறீர்கள். தோட்டத்துப் பெண்களுக்கும் துரைமாருக்கும் பிள்ளைகள் பிறந்தது உங்களுக்குத் தெரியாததா? 1920களில் நுவரெலியாவில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே மிஷன்காரர் ஓர் இல்லம் தொடங்க வேண்டியிருந்தது. அந்தத் தாய்மாரின் வாழ்க்கையைக் கல்யாண மணியோடு முடிக்கச் சொல்கிறீர்கள். துரை இரட்சிக்கப்படுவதற்காக எங்கள் பெண் இன்னொரு முறை மன்னிக்க வேண்டும் என்கிறீர்கள். இதை அவளிடம் கேட்காதீர்கள்.

அந்த நாவல் எப்படி எழுதப்பட்டது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், பிள்ளைகளின் பழைய சீ.ஆர். பள்ளிக் கொப்பிகளில் மிஞ்சிய பக்கங்களில் எழுதினாள். தென்மேற்கு மழையில் கூரை ஒழுகி மை கரைந்த பக்கங்களை அடுப்புக்கு மேலே காயவைத்துத் திரும்ப எழுதினாள். பறித்த கொழுந்து கிலோ குறைந்து, அரை நாள் சம்பளமான அரைப்பேர் மட்டும் விழுந்த நாளிலும் எழுதினாள். நீங்கள் திருப்பி அனுப்பிய பொதி தோட்டத்து ஆபீசில் கிடந்து, பிரிக்கப்பட்டு, யார் யாரோ புரட்டிப் பார்த்த பிறகுதான் அவள் கைக்கு வந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறவளுக்குச் சொந்த விலாசம் இல்லை. உங்கள் பென்சில் எழுத்தை அவளுக்கு முதல் மற்றவர்கள் வாசித்தார்கள்.

மனம் பொறுக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். தோட்டத் தமிழருக்கென்று 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனில் கால் தேய நடந்த தமிழ் உபதேசிமாரைப் பற்றி நீங்கள் ஒரு நாவலாவது போட்டிருக்கிறீர்களா? டிக்கோயா வார்லி கோயில் முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயரோடு நிற்கின்றன. எங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தில் தேயிலை நட்டுவிட்டார்கள். கதையிலாவது அந்தப் பெயர்கள் வாசிக்கப்படட்டும் என்று ஒருத்தி எழுதினால், அதையும் கோடு போட்டு அடிக்கிறீர்கள். உங்கள் புத்தகம் வாங்க ஒரு நாள் முழுச் சம்பளமான முழுப்பேர் போதாது. அப்படி இருந்தும் ஐந்தாறு பேர் காசு சேர்த்து வாங்குகிறோம். எங்களை வாசகர் கணக்கில் சேர்க்கிறீர்களா?

கோபத்தில் எழுதியது அதிகமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் ஊழியத்தின் மேல் மதிப்பு இருப்பதால்தான் எழுதுகிறேன். மொழியைத் திருத்துங்கள், நீளத்தைக் குறையுங்கள், அதற்கெல்லாம் அவள் சம்மதிக்கிறாள். பெரட்டுக் கள அத்தியாயத்தை மட்டும், கோடித் துணியோடும் கிழவியின் பேச்சோடும், அப்படியே விட்டு நாவலை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவாய்க் கேட்டுக்கொள்கிறேன். கங்காணி மகன் கங்காணி மகனாகவே இருக்கட்டும்.

பதிலைத் தயவுசெய்து எங்கள் போதகர் ஐயாவின் விலாசத்துக்கு அனுப்புங்கள். தோட்டத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டாம்.

கிறிஸ்துவுக்குள் தங்கள்,
மாதர் ஐக்கியத்துச் சகோதரி ஒருத்தி
டிக்கோயா