மீன்பிடிச் சங்க ஆண்டறிக்கை: சீசன் முடிவும் போட் கரைக்கு ஏத்தின விசயமும்

தலைவர் அண்ணனுக்கும் வந்திருக்கிற போட் முதலாளிமார், தொழிலாளிமார் எல்லாருக்கும் வணக்கம். சந்தா, கணக்கு எல்லாம் பொருளாளர் வாசிப்பார், அதில பெருசா ஒன்டும் இல்ல, நான் சீசன் முடிவப் பத்தித்தான் கூடக் கதைக்கப்போறன்.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல நம்மட மட்டக்களப்பில பாலமீன்மடு தொட்டு நாவலடி வரைக்கும் கடல் எப்படி அடங்கிக் கிடந்த என்டு உங்களுக்கே தெரியும், அந்தக் கடலப் பாத்துப்போட்டு ஐப்பசி முடியுற நேரத்திலயும் கனபேர் போட்ட அலையடியிலயே விட்டிருந்தாங்க, மறுகா வாடைக்காத்து திரும்பி ஒரே ராவில கடல் ஏறினாப்புறகுதான் டிராக்டர் எங்க, கயிறு எங்க என்டு ஓட்டம். 1978 நவம்பர் 23 சூறாவளியக் கண்ட பெரியாக்கள் நமக்குள்ள இன்னும் இரிக்காங்க, கார்த்திகைக் கடல நம்பாதடா என்டு அவங்க சொன்னா சிரிக்கிற வேலைய இளைய ஆக்கள் விடணும்.

வாவிக்குள்ள கட்டினாப் பயமில்ல என்டு நினைக்கிறதும் பிழை. வயல் தாழுது என்டு வாவி கடலோட சேருற முகத்துவாரத்த வெட்டி விட்டா, தண்ணி கடலுக்கு இழுக்கிற இழுவைக்கு மெல்லிய கயிறு நிக்காது.

இஞ்சின் விசயம் இன்னும் மோசம். போட் ஏறினதும் அப்படியே மூலைல சாத்திட்டு தைக்கு மறுகா வந்து கயிறிழுத்தா எப்படி ஸ்டார்ட் வரும்? நல்ல தண்ணி டிரம்முக்குள்ள இறக்கி ஓடவிட்டு உப்புக் கழுவணும், காபரேட்டருக்குள்ள கிடக்கிற எண்ணெய வடிக்கணும், பிளக்கக் கழட்டி ரெண்டு சொட்டு ஒயில் விடணும். நம்மட உறுப்பினர் ஒருத்தர்ட இஞ்சின்ல கீழ் நட்டக் கழட்டினா கியர் ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வெள்ளையா வடியுது, ப்ரொப்பெலரக் கழட்டிப் பாத்தா தங்கூசி நூல் சுத்தி ஒயில் சீல அறுத்து உப்புத்தண்ணி உள்ள போயிருக்கி. போன வருசம்தான் சர்வீஸ் பண்ணக் குடுத்தவராம், அங்க அந்த நட்டத் தொட்டும் பாக்கல்லப் போல.

போட்டுக்கு அடியில தண்ணி வடியுற தக்கையக் கழட்டி வையுங்க, தறப்பாள் மட்டும் போட்டா மழைத்தண்ணி நிண்டு பாரத்தில பைபர் வெடிக்கும். வலைய வெயில்ல விரிச்சுப் போட்டு மறக்காதீங்க, நைலோன் பழுதாகிடும்.

இனித் தீபாவளி முடிஞ்ச கையோட எல்லாப் போட்டும் மேல ஏறணும் என்டு நிர்வாகம் பிரேரிக்குது, கைய உயத்திச் சொல்லுங்க. டிராக்டர் காசு இன்னும் குடுக்காத ஆக்கள் சாப்பாட்டுக்கு முதல் பொருளாளரக் காணுங்க.