அம்மையார் அமர்ந்திருக்கும் நாட்டிலிருந்து

சியெம் ரீப், கம்போடியா
ஐப்பசி மாதம்

அன்பும் மதிப்பும் நிறைந்த அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும், அக்கா வீட்டாரும், பட்டினத்து அத்தையும் நலமாக இருக்க நம் காரைக்கால் அம்மையாரை வேண்டிக்கொள்கிறேன். புரட்டாசியில் நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் நாம் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்ற அளவில் முடிந்துபோவதால், உங்கள் கையெழுத்தில் நான்கு பக்கம் படிக்கக் கிடைத்தது எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது. சித்திரைக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை என்று அம்மா வருந்துவதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவின் மனம் ஆறும்படி இதை நீளமாகவே எழுதுகிறேன். நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

தைப்பூசம் கழிந்ததும் கும்பகோணத்திலிருந்து புறப்படும் குழுவோடு அத்தை இங்கு வர விரும்புவதாகவும், முழங்கால் வலியோடு நடக்க முடியுமா, எதையெல்லாம் காட்டுவார்கள், வாய்க்கு ஒத்த சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக வரச் சொல்லுங்கள். அத்தகைய குழுக்களை விமான நிலையத்தில் வரவேற்பதிலிருந்து வழியனுப்பும் வரை உடன் இருப்பதே என் வேலை. கோயில்களுக்குள் விளக்கம் சொல்பவர் அரசு உரிமம் பெற்ற கெமர், அதாவது இந்நாட்டு, வழிகாட்டியாகத்தான் இருக்க வேண்டும். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வதும், பேருந்து, அறை, சாப்பாடு, மருந்து என்று வந்தவர்களின் தேவைகளைக் கவனிப்பதும் என் பொறுப்பு. குழுவோடு சமையற்காரர் ஒருவர் வருவார். அதனால் அத்தைக்கு ரசமும் தயிர்ச்சோறும் தடையின்றிக் கிடைக்கும். நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டே போதுமானது, அதைக் குழுவின் கட்டணத்திலேயே சேர்த்துவிடுவார்கள்.

முதல் நாள் விடியும் முன்பே அங்கோர் வாட்டுக்கு அழைத்துச் செல்வோம். சிதம்பரத்துக் கல்வெட்டு ஒன்றில் காம்போஜ அரசன் குலோத்துங்க சோழனுக்கு ஒரு கல்லைக் காட்சிப்பொருளாகக் காட்டினான் என்று வருவதை நீங்கள் எனக்குப் பள்ளிப் பருவத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கல்வெட்டு 1114ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்னர் அரியணை ஏறிய இரண்டாம் சூரியவர்மன்தான் திருமாலுக்காக இந்தக் கோயிலை எழுப்பியவன். கோயில் மேற்கு நோக்கியது. சுற்றியுள்ள அகழி மட்டும் 190 மீட்டர் அகலம். மேற்கு வாயிலிலேயே எட்டுக் கைகளோடு திருமால் நிற்கிறார். நாடு பௌத்தத்துக்கு மாறிப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும், ஊர் மக்கள் அவரைக் காவல் தெய்வமாகக் கருதித் தாமரையும் ஊதுபத்தியும் வைத்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அத்தை அங்கேயே நின்றுவிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சூரிய உதயத்தைப் படமெடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள்; எனக்கு அது மிகுந்த வருத்தம் தருவது, ஏனென்றால் கோயிலின் உயிர் கீழ்ச்சுற்றுத் திருச்சுற்று மாளிகையின் சுவர்களில்தான் இருக்கிறது. மேற்குப் பக்கத்தில் குருட்சேத்திரப் போர். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார். அதே பக்கத்தின் மறுகோடியில் இலங்கைப் போர். அனுமனின் தோள்மேல் நின்று இராமர் வில் வளைக்கிறார், பின்னால் இலக்குவனும் வீடணனும் நிற்கிறார்கள். கிழக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. வாசுகியை ஒருபுறம் 92 அசுரர்களும் மறுபுறம் 88 தேவர்களும் பற்றி இழுக்க, நடுவில் திருமால் நிற்கிறார். இவற்றின்முன் நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. ஒருவர் கதையைத் தொடங்க மற்றவர் முடிப்பதைக் கேட்டு வழிகாட்டியே வாய்மூடி நின்றுவிடுவார். உச்சித் தளத்துக்கு ஏறும் படிகள் மிகவும் செங்குத்தானவை. கைப்பிடியோடு மரப்படி அமைத்திருந்தாலும் அத்தை ஏற வேண்டாம். நெடுங்காட்டு மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இத்தனை பெரிய கட்டடத்தின் கற்களுக்கு இடையில் சாந்து பூசப்படவில்லை. குலேன் மலையிலிருந்து கால்வாய் வழியாகக் கொண்டுவந்த மணற்கற்களை ஒன்றோடொன்று உரசித் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். கல்லை அப்படித் தேய்க்கும் காட்சியே பயோன் கோயில் சிற்பங்களில் இருக்கிறது.

இரண்டாம் நாளில் பயோனும் தா புரோமும். இரண்டும் ஏழாம் சயவர்மன் கட்டியவை. தா புரோமை 1186இல் தன் தாயின் நினைவாகவும், பிரேய கான் என்னும் கோயிலை 1191இல் தந்தையின் நினைவாகவும் கட்டினான். தா புரோமின் கல்வெட்டு, அந்தக் கோயிலின் பணிக்கென 79,365 பேர் இருந்தார்கள் என்றும், நாடெங்கும் 102 மருத்துவ நிலையங்கள் இயங்கின என்றும் சொல்கிறது. இப்போது அங்கே பெருமரங்களின் வேர்கள் கூரைகளைப் பற்றிக்கொண்டு இறங்குகின்றன. மரத்தை வெட்டினால் சுவர் சரியும், விட்டால் சுவர் பிளக்கும் என்ற நிலையில், நம் இந்தியத் தொல்லியல் துறையினர் இந்நாட்டவரோடு சேர்ந்து பல ஆண்டுகளாகக் கல் கல்லாக எடுத்துப் பொருத்தி வருகிறார்கள். அன்று மாலை உணவோடு அப்சரஸ் நடனமும் உண்டு. கெமர் ரூஜ் என்னும் கம்யூனிச இயக்கத்தின் கொடிய ஆட்சியில் நடன ஆசிரியர்களில் பெரும்பாலோர் மடிந்துபோக, எஞ்சிய சிலர் நினைவிலிருந்து மீண்டும் கற்றுக்கொடுத்துக் காப்பாற்றிய கலை அது என்பதை நான் ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லாமல் விடுவதில்லை.

மூன்றாம் நாளைப் பற்றித்தான் உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் பந்தே ஸ்ரே என்றொரு சிவன் கோயில் இருக்கிறது. வழியெல்லாம் வயல்களும் பனைமரங்களும். பனைதான் இந்நாட்டின் தேசிய மரம். சாலையோரத்தில் பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்து, ஓலையில் பொதிந்து விற்கிறார்கள். அம்மாவுக்காக வாங்கி வைத்திருக்கிறேன்; அத்தை திரும்பும்போது கொடுத்தனுப்புவேன். இடையில் பிரேய தாக் என்னும் சிற்றூரில் பேருந்தை நிறுத்தி, நம் இடியாப்பம் போன்ற நொம் பஞ்சோக் என்னும் அரிசிச் சேவையை எப்படிப் பிழிகிறார்கள் என்று காட்டுவோம். மீன் குழம்பு ஊற்றித் தருவது வழக்கம் என்பதால் அத்தை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கோயில் சிறியது. அரசன் கட்டியதும் அன்று. யக்ஞவராகர் என்னும் அறிஞர் எழுப்பி 967ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. செம்மை கலந்த மணற்கல்லில் மரவேலை அளவுக்கு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கயிலையை இராவணன் அசைப்பதும், காமன் எரிக்கப்படுவதும் முகப்புகளில் உள்ளன. இன்னொரு முகப்பில் சிவபெருமான் ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள் அப்பா. வற்றிய மார்பு, புடைத்தெழுந்த நரம்பு, குழிந்த வயிறு. நீங்கள் வகுப்பில் பாடம் சொன்ன பதிகத்தில் தம்மைப் பற்றி அவர் எப்படிப் பாடினாரோ அப்படியே இருக்கிறார். அறிஞர்கள் அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் தெருக்கோடியில் கோயில் கொண்டிருப்பவர், கடல் கடந்து, மொழி தெரியாத மக்களின் நடுவில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். குழுவில் வந்தவர்களுக்கு நான் அவரைக் காட்டி, இவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லும்போது என் குரல் எப்போதும் தழுதழுத்துவிடுகிறது. நீங்கள் இதை ஒருமுறையேனும் நேரில் பார்க்க வேண்டும். அத்தையோடு நீங்களும் வர இயலுமா என்று யோசியுங்கள்.

என்னைப் பற்றி அம்மா கேட்டவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அறையை மாற்றிவிட்டேன். புதிய அறை முன்னதைவிடச் சற்றுச் சிறியது. ஆனால் சந்தைக்கு அருகில் இருக்கிறது, காற்றோட்டமும் நன்றாக இருக்கிறது. மழை மாதங்களில் குழுக்கள் குறைவாகவே வரும் என்பதால் ஓய்வும் நிறையக் கிடைத்தது. அனுப்பிய படத்தில் விரலில் மோதிரம் இல்லை என்று அம்மா கவனித்திருக்கிறார்கள். கல்படிகளில் ஏறி இறங்கும்போது உரசுவதால் அதைப் பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறேன், தைக்குள் மீண்டும் விரலில் இருக்கும். அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். எல்லோரும் யேய், அதாவது பாட்டி, என்றே அழைக்கிறார்கள். அவருடைய வழக்கம் எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் வரிசையில் குடியிருக்கும் கடைசி ஆள் வீடு திரும்பும் வரை விளக்கை அணைக்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். நள்ளிரவில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினாலும், சாப்பிட்டாயா என்று கேட்டு, நான் என்ன பதில் சொன்னாலும் ஒரு தட்டுச் சோறும், பிரஹொக் என்னும் புளிக்கவைத்த மீன் விழுதில் செய்த தொக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். கெமர் ரூஜ் ஆண்ட 1975க்கும் 1979க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய அண்ணன்மார் இருவரை ஓர் இரவில் அழைத்துச் சென்றார்கள், அவர்கள் திரும்பவில்லை. அதை அவர் மகள்தான் எனக்குச் சொன்னார்.

சென்ற அமாவாசையோடு இங்கே பிசும் பென் நிறைவுற்றது. நம் மகாளயபட்சம் வரும் அதே தேய்பிறை நாட்களில், முன்னோர் பசியோடு வருவார்கள் என்று நம்பி, விடியும் முன் விகாரையைச் சுற்றி வந்து எள் கலந்த சோற்று உருண்டைகளை இருட்டில் எறிகிறார்கள். யேய் என்னையும் எழுப்பி அழைத்துச் சென்றார். உன் வீட்டாரையும் கூப்பிடு என்று என் கையில் உருண்டைகளைக் கொடுத்தார். சைகோன் தாத்தாவையும் ஆச்சியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் ஊர்வலம் வரும்போது, ஆச்சி மாம்பழக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் மாடியில் நிற்பதும், நானும் அக்காவும் பழங்களைக் கூட்டத்துக்குள் எறிவதும், கீழே முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களில் அம்மா யாரையோ சுட்டி அவளுக்குப் போடு என்று கத்துவதும் அப்படியே கண்முன் வந்துவிட்டன. இந்த ஆண்டும் அந்த நாளில் நான் அங்கே இல்லை. அரசலாற்று முகத்துவாரத்துக் காற்றும், மாலையில் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லும் குரலும் வேண்டும் என்று அன்று மிகவும் ஏங்கிப்போனேன். யேய் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்தபடி வீடு வரை நடந்து வந்தார்.

அதனால்தான் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பகுதியைப் பலமுறை படித்தேன். சித்தப்பா தம் பங்கைக் கேட்பது அவருடைய உரிமை. மகளின் திருமணச் செலவு முன்னால் நிற்கும்போது அவர் வேறு என்ன செய்வார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் தாத்தா சைகோனில் பிரெஞ்சுக்காரர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து மிச்சம் பிடித்த காசில் கட்டிய வீட்டை, ஊர்வலம் வரும் தெருவில் இருக்கும் அந்த மாடியை, இடித்துக் கடை கட்டப்போகிறவரிடம் கொடுக்க வேண்டாம். அடுத்த ஆனி வரை பொறுத்துக்கொள்ளுமாறு சித்தப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் பங்குக்கு உரிய தொகையை நானும் அக்காவின் வீட்டுக்காரரும் சேர்ந்து இரண்டு தவணையாகக் கொடுத்துவிடுகிறோம். அத்தானிடம் இதைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். முதல் தவணையைத் தை கடைசியில் அனுப்புகிறேன். மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கட்டணம் வீணாகிறது என்பதால் இந்த மாதமும் அடுத்த மாதமும் சேர்த்து ஒன்றாக அனுப்பலாம் என்றிருக்கிறேன். அதுவரை வீட்டுச் செலவுக்குத் தட்டுப்பாடு இருந்தால் அக்காவிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பணத்தைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம்.

பாகப் பிரிவினை எழுதும் முன் மூலப் பத்திரத்தை நெடுங்காட்டு மாமாவின் நண்பரான வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். பழைய பிரெஞ்சு ஆவணத்தில் கிணற்றடியின் அளவு சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். மாடியில் ஒழுகும் இடத்தை மழை வலுக்கும் முன் பூசிவிடச் சொல்லுங்கள். உங்கள் கண் அறுவை சிகிச்சையை மார்கழிக்குத் தள்ள வேண்டாம். தீபாவளிக்கு என்னால் வர இயலாது. அதுதான் இங்கே பயணிகள் பெருகத் தொடங்கும் காலம். அத்தையின் கடவுச்சீட்டு இங்கு வந்து சேரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். முடியும் தேதியைப் பார்த்து உடனே எனக்கு எழுதுங்கள். நீங்களும் வருவதாக முடிவு செய்தால், உங்களுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்