பரிமாறும் நேரத்தில் வேண்டாம், பருப்பு நிறுக்கும் நேரத்தில் வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பசி என்றால் என்னவென்று சொல்லித்தரப் பள்ளிப் பிள்ளைகளை இலவச உணவுக் கூடங்களுக்கு அழைத்து வருவது பெங்களூரில் இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். ஆனால் பள்ளிகள் பெரும்பாலும் கேட்கும் நேரம் பகல் பன்னிரண்டரை, அதாவது சாப்பாட்டு வரிசை நிற்கும் நேரம். நாற்பது பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, ஆசிரியர் போனில் படமெடுக்க, வரிசையில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்; சிலர் மறுநாள் வரவே மாட்டார்கள். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேர்ந்து அதே வகுப்பில் படிக்கும் பிள்ளையின் பாட்டியே அங்கே நிற்கலாம்.

காலை எட்டரைக்கு வரட்டும். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் போதும். அடுப்படித் தரை எப்போதும் ஈரம், அண்டா தூக்குகிறவர்களுக்கு வழி விட வேண்டும். பருத்தி உடை, வழுக்காத செருப்பு, வெட்டிய நகம், தலைக்குத் துணி. சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று வர வேண்டாம். கத்தியும் அடுப்பும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகளுக்குக் கல் பொறுக்குவது, கீரை ஆய்வது, நிறுப்பது.

நிறுப்பதில்தான் பாடமே இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு மதிய உணவுத் திட்டத்தின் அளவு: 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். தராசில் வைத்துப் பார்க்கட்டும். 20 கிராம் பருப்பு உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும். அடுத்து 5 கிலோ அரிசியை முப்பது பங்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ரேஷன் தானியத்துக்குத் தகுதியான ‘முன்னுரிமை’க் குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கான அளவு அது. ஒரு பங்கு 166 கிராம், சுமார் 600 கலோரி. சித்தாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் தேவையில் கால்வாசிகூட ஆகாது. தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ கட்டட வேலைக்கு இங்கே வந்தவர்களுக்கு, சொந்த ஊர் ரேஷன் அட்டையை வேறு மாநிலத்திலும் காட்டி வாங்க வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அந்த மத்திய ஒதுக்கீட்டுத் தானியம் மட்டும்தான். ஊர் ரேஷன் கடைத் துவரம் பருப்பும் பாமாயிலும் ஓசூர் தாண்டி வராது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் இதைத் துருவிக் கேட்கட்டும்.

வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்து மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். மனசு பெரிசு, மூட்டைதான் உதவாது. சோனா மசூரி, புழுங்கல், பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். புழுங்கல் வேகும்வரை விட்டால் பச்சரிசி குழைந்து கூழாகும். பச்சரிசிப் பதத்தில் இறக்கினால் புழுங்கல் நறுக்கென்று நிற்கும். அரைத்து தோசைக்கோ கஞ்சிக்கோதான் ஆகும். வகுப்பே சேர்ந்து ஒரே ரகத்தில் ஒரு 25 கிலோ மூட்டை எடுத்துக் கொடுக்கலாம். அதைவிட நல்லது துவரம் பருப்பு. பிறந்தநாள் கேக் தயவுசெய்து வேண்டாம்.

சமைத்துக் கொண்டுவந்தால் புளியோதரை தாங்கும். தேங்காய் அரைத்தது எதுவும் தாங்காது, சாம்பார் சாதமும் அப்படியே. சூடாக இருக்கிறது என்றால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். வெதுவெதுப்பான டப்பாதான் ஆபத்து: வேகும்போது சாகாத பாக்டீரியா வித்துகள் அந்தச் சூட்டில்தான் முளைத்துப் பெருகும். சோற்றில் அவை விடும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது.

வேலை முடிந்ததும் அன்று கொதித்த சாம்பாரையே பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குள் கிளம்பட்டும்.

காந்தி ஜெயந்தியை ஒட்டியும் கிறிஸ்துமஸுக்கு முன்பும் பள்ளிகள் முண்டியடிக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் ஒருவரையும் காணோம். அரசுப் பள்ளிகள் மூடி, மதிய உணவும் நிற்பது அப்போதுதான். ஆகவே மார்ச்சில் பரீட்சை முடிந்த கையோடு அழைத்து வாருங்கள். பருப்பு மூட்டையும் அப்போதே வந்தால் கோடைக்கு இருப்பு வைக்கலாம்.

இப்படிக்கு,
உணவுக் கூடத் தன்னார்வலர்கள்,
அல்சூர், பெங்களூரு