பிள்ளை பாக்க என்ர மகளைக் கூப்பிட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

என்ர மகளுக்குச் சித்தி, மாமி, சித்தப்பா, மாமா, மச்சாள் முறையான எல்லாருக்கும், கனடா ஒன்ராறியோவில ஸ்காபரோவில இருந்து ஏஜக்ஸ், மார்க்கம், பிரம்டன் மட்டும் பரந்து கிடக்கிற எங்கட சனத்துக்கும்,

முதலே சொல்லிப்போடுறன், இது கோவத்தில எழுதிறது இல்லை, கோவம் ஆறி ரெண்டு கிழமையாச்சு. குடும்ப வட்ஸ்அப் குறூப்பில போட்டால் ஆராவது ஒருத்தர் "என்னைத்தானே சொல்லுறாய்" எண்டு தனிய போன் எடுப்பினம், அதாலதான் பொதுவா எல்லாருக்கும் எழுதிறன், ஒருத்தற்ற பேரும் சொல்லேல்ல. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டு சொல்லவும் எனக்கு வாய் இல்லை, ஏனெண்டால் அந்த நெஞ்சில என்ர நெஞ்சும் ஒண்டு. அதுக்குப் பிறகு வாறன்.

என்ர மூத்தவளுக்கு 16 வயசு, பதினொராம் கிரேட். சின்னப்பிள்ளையளோட சரியான வாரப்பாடு. 13 வயசில ரெட் குறொஸ் நடத்திற பேபிசிற்றிங் கோர்ஸுக்குப் போனவள், அது 11 இல இருந்து 15 வயசுப் பிள்ளையளுக்கெண்டே நடத்திறது, பம்பஸ் மாத்திறது, தொண்டையில ஏதும் சிக்கினால் என்ன செய்யிறது எல்லாம் படிச்சு சேர்ட்டிபிக்கேற்றும் வைச்சிருக்கிறாள். இது குடும்பத்துக்குள்ள தெரிய வந்த நாளில இருந்து என்ர போன் ஓயேல்ல. கவனியுங்கோ, என்ர போன். அவளுக்கு ஒரு போன் இருக்கு, அதில நம்பர் இருக்கு, உங்கள் எல்லாரிட்டயும் அந்த நம்பர் இருக்கு, ஏனெண்டால் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பிறியள்தானே. ஆனால் பிள்ளை பாக்க வேணுமெண்டால் எனக்குத்தான் அடிக்கிறியள். "மகள் சனிக்கிழமை சும்மாதானே நிப்பாள், அனுப்பிவிடும்." சும்மா நிக்கிறாளோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

போன மாசம் ஒரு சனிக்கிழமை. மார்க்கம் பக்கம் ஒரு ஹோலில ஆற்றையோ ஐம்பதாவது பிறந்தநாள் பார்ட்டி, சின்னப்பிள்ளையள் வேண்டாம் எண்டு கார்ட்டிலயே போட்டிருந்தவை. மகளை ஆறு மணிக்கு வரச் சொன்னவை, பத்து மணிக்கு வந்திடுவம், ரெண்டு பிள்ளையளும் எட்டுக்கே படுத்திடுங்கள் எண்டவை. சரியெண்டு கொண்டுபோய் விட்டன். இவள் உள்ளுக்குப் போனால் நாலு பிள்ளையள். பார்ட்டிக்குப் போற இன்னொரு குடும்பமும் தங்கட ரெண்டையும் கொண்டுவந்து விட்டிட்டுப் போயிருக்கு, "நீ நிப்பாய் எண்டு சொன்னவை" எண்டு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதில கடைக்குட்டிக்கு மூண்டு வயசு, அது முன்னபின்ன இவளைக் கண்டதே இல்லை, தாய் போன கதவடியில இருந்து ஒண்டரை மணித்தியாலம் கத்தினது. ஒம்பது மணிக்கு சத்தி எடுத்தது. காய்ச்சல் மருந்து எங்க, எவ்வளவு குடுக்கிறது, நட்ஸ் ஒத்துவராத பிள்ளை ஆரும் இருக்கோ, ஒண்டும் எழுதி வைக்கேல்ல, போன் அடிச்சால் பாட்டுச் சத்தத்தில ஆரும் எடுக்கேல்ல. இவள் எனக்கு அடிக்க நான் நைற்ட்ரெஸ்ஸுக்கு மேல ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ரைலனோலோட போனன்.

அவை வந்தது இரவு ஒண்டு பத்துக்கு. வந்து இவளுக்குக் குடுத்தது ஃபொயில்ல சுத்தின ஒரு துண்டு கேக்கும் ஆறிப்போன நாலு றோல்ஸும். அப்ப நான் அந்த விறாந்தையில நிண்டனான். கூப்பிட்ட வீட்டுக்காரி ஹாண்ட்பாக்கைத் திறக்கிற மாதிரி ஒரு அசைவு அசைஞ்சவ, நான் உடன, அவவின்ர கை பேர்ஸில படுறதுக்கு முதலே, "ஐயோ காசொண்டும் வேண்டாம், என்ன நீங்கள், ஆக்களுக்குள்ளயே" எண்டு சொல்லிப்போட்டன். பழக்கதோசம். வாய் தானா சொல்லுது.

கார்ல வரேக்க மார்க்கம் ரோட்டில இருந்து எங்கட வீடு மட்டும் அவள் ஒண்டும் கதைக்கேல்ல. கராஜுக்குள்ள கார் நிண்டாப்பிறகு சொன்னாள், "அம்மா, வேண்டாம் எண்டு சொன்னது நீங்கள். வேலை செய்தது நான்."

அதுக்கு நான் என்ன சொல்லுறது? இண்டைக்கு மட்டும் பதில் இல்லை.

அதுக்குப் பிறகுதான் கணக்குப் பாத்தன். ஆறில இருந்து ஒண்டு பத்து, ஏழு மணித்தியாலத்துக்கு மேல. ஒன்ராறியோவில 18 வயசுக்குக் கீழ இருக்கிற ஸ்ருடன்ற்ஸுக்கெண்டு, பள்ளிக்கூடம் நடக்கிற நாளில கிழமைக்கு 28 மணித்தியாலத்துக்கு மேல போகாமல் வேலை செய்யிறவைக்கு, தனியா ஒரு குறைஞ்ச சம்பளம் இருக்கு, 2025 ஒக்டோபர் 1 இல இருந்து அது மணித்தியாலத்துக்கு 16 டொலர் 60 சதம். பெரிய ஆக்களுக்கு 17.60. சட்டப்புத்தகத்தை விரிச்சுக்கொண்டு உங்களோட வழக்காட நான் வரேல்ல, எப்பவாவது ஒருநாள் பிள்ளை பாக்கிறதுக்கு ஒருத்தரும் பே ஸ்லிப் எழுதப்போறதும் இல்லை, ஒரு அளவுக்குத்தான் சொல்லுறன். இவளோட படிக்கிற பிள்ளை ரிம் ஹோர்ட்டன்ஸில நிண்டு அதே ஏழு மணித்தியாலம் கோப்பி ஊத்தியிருந்தால் 116 டொலர் வந்திருக்கும், கோப்பி சத்தி எடுக்கவும் மாட்டுது.

ரெண்டு பிள்ளைக்கு மணித்தியாலத்துக்கு 15 டொலர் எண்டு நான் சொன்னதைக் கேட்டிட்டு ஒரு மச்சாள், "என்னடி, டேகெயாருக்கே நாளுக்கு 22 டொலர்தானே, இவளுக்கு மணித்தியாலத்துக்கு 15 டொலரோ" எண்டு கேட்டவ. நியாயமான கேள்விதான், அதால வடிவா மறுமொழி சொல்லுறன். ஆறு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையளுக்கு, அரசாங்கம் காசு குடுத்து நடத்திற மலிவுக் கட்டணத் திட்டத்தில சேர்ந்த டேகெயாருகளில, 2025 ஜனவரியில இருந்து தாய்தேப்பன் கட்டிற காசு நாளுக்கு 22 டொலருக்கு மேல போகேலாது எண்டு வைச்சிருக்கினம். அது நீங்கள் கட்டிற காசு மட்டும்தான், மிச்சத்தை அரசாங்கம் கட்டுது, நீங்களும் நானும் கட்டிற வரியிலதான். அங்க நிக்கிற ரீச்சரின்ர சம்பளம் 22 டொலர் இல்லை. அதோட அந்த டேகெயார் சனிக்கிழமை இரவு ஒரு மணி மட்டும் திறந்திருக்கோ? ஐந்தே முக்காலுக்கு பிள்ளையை எடுக்க 401 ஹைவேயில நீங்கள் ஓடுற ஓட்டம் எனக்குத் தெரியாதோ, அஞ்சு நிமிசம் பிந்தினாலும் அதுக்குத் தனிக்காசு வாங்குவினம், ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல. என்ர பிள்ளை மூண்டு மணித்தியாலம் பிந்தி நிண்டவள்.

சொந்தத்துக்குள்ள காசு கதைக்கிறது அந்தரம் எண்டு சொல்லுறியள். எனக்கும் அந்தரம்தான். ஆனால் ஒண்டை யோசியுங்கோ, அண்டைக்கு அந்தப் பார்ட்டிக்கு எல்லாரும் என்வலப் கொண்டுதானே போனவை? நூறு, நூற்றைம்பது வைச்சு, வடிவா பேர் எழுதி, பெட்டிக்குள்ள போட்டனீங்கள்தானே. ஆர் எவ்வளவு போட்டவை எண்டு வீட்டில கொப்பி எழுதி வைச்சு, அவையின்ர சாமத்தியவீட்டுக்கு அதே அளவு திருப்பிப் போடுறம். சொந்தத்துக்குள்ள காசு கதைக்கிறேல்ல எண்டு எங்கட சனத்தில ஆர் சொன்னது? கணக்கு ஒரு சதம் பிசகாமல் வைச்சிருக்கிறது நாங்கள். ஒரு ரீனேஜ் பொம்பிளைப்பிள்ளையின்ர நேரம் எண்டு வந்தால் மட்டும் பாசம் வந்திடுது.

"ஊரில நாங்களும் பெரியக்காவின்ர பிள்ளையளைத் தூக்கித் திரிஞ்சனாங்கள், ஆர் காசு தந்தவை" எண்டு அம்மாவும் கேட்டவ. உண்மைதான், ஒருத்தரும் சம்பளம் தரேல்ல. ஆனால் வருசப்பிறப்புக்கு அந்த அக்கா கைவிசேடம் தந்தவ, தீபாவளிக்கு சட்டைத்துணி எடுத்துத் தந்தவ, எனக்கு ஓஎல் சோதினை வரேக்க ஒரு மாசம் தன்ர வீட்டில வைச்சுச் சமைச்சுத் தந்தவ. அடுத்த வளவுதான், ஒரு நாளைக்கு நாலு தரம் போய்வாற தூரம். இங்க எங்களுக்குள்ள அந்தப் போக்குவரத்து எங்க இருக்கு? பிள்ளை பாக்க ஆள் தேவைப்படேக்கதானே போனே வருது.

எவ்வளவு குடுக்கிறது எண்டு கேட்டால், என்ர கணக்கு இது. ஒரு பிள்ளை எண்டால் மணித்தியாலத்துக்கு 12 டொலர், ரெண்டெண்டால் 15, அதுக்கு மேல எண்டால் முதலே கதைச்சு முடிவெடுக்க வேணும். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு கொஞ்சம் கூட்டிக் குடுங்கோ. சொந்தம் எண்டபடியால் குறைக்கவேணும் எண்டால் ஒண்டிரண்டு டொலர் குறையுங்கோ, அவளும் சந்தோசமா ஓமெண்டுவாள், அதை முதல் நாளே அவளிட்டச் சொல்லிக் குறையுங்கோ. "பாத்துத் தாறன்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, பாத்துத் தந்த ஒருத்தரையும் நான் இன்னும் காணேல்ல. உண்மையாவே கையில காசில்லாமல் இருக்கிறியள் எண்டால் அதையும் அவளிட்டச் சொல்லுங்கோ, போன வருசம் வேலை போன ஒரு சித்தியின்ர பிள்ளைக்கு மார்ச் பிரேக் லீவு முழுக்க இவள் சும்மா நிண்டு பாத்தவள், கேட்டதும் ஓமெண்டவள். அது அவள் குடுத்தது.

இன்னொரு கெட்டித்தனமும் நடக்குது. "காசுக்குப் பதிலா வொலண்டியர் அவர்ஸ் சைன் பண்ணித் தாறன்." ஒன்ராறியோவில ஹைஸ்கூல் முடிக்க 40 மணித்தியாலம் தொண்டு செய்யவேணும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீட்டில வழமையாச் செய்யிற வேலையும், வழமையா ஆக்களுக்குச் சம்பளம் குடுத்துச் செய்விக்கிற வேலையும் அந்தக் கணக்குக்குள்ள வராது. பொய்யாச் சைன் வைச்சு அந்தப் பேப்பரைப் பள்ளிக்கூடத்தில குடுத்து மாட்டுப்படப்போறது நீங்கள் இல்லை, அவள். அதோட அவள் அந்த நாப்பதையும் லைப்ரரியில எப்பவோ முடிச்சிட்டாள்.

காசை விட்டிட்டு மரியாதைக்கு வாறன், உண்மையில அவளுக்கு அதுதான் கூட நொந்தது. ஒரு வீட்டில ஹோலுக்குள்ள கமரா இருக்கு. பிள்ளையின்ர பாதுகாப்புக்கு, சரி, முதலே சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. இவளுக்குச் சொல்லேல்ல. பிள்ளையைப் படுக்கப்பண்ணிப்போட்டு சோஃபாவில இருந்து புத்தகத்தைத் திறக்க, மேல கமராவில இருந்து ஒரு குரல், "ஏன் பிள்ளை குசினி லைட் எரியுது?" இவளுக்குப் பயத்தில ஈரல்குலை நடுங்கிப்போச்சு. பிறகு அந்தக் குரலே, "சிங்குக்க கிடக்கிற கோப்பையளையும் ஒருக்கா கழுவிவிடன்." பிள்ளை பாக்க வந்தவளுக்கு கோப்பை கழுவிற வேலை எங்க இருந்து வந்தது? பிள்ளை சாப்பிட்ட கோப்பையை அவள் கழுவுவாள், சொல்லாமலே கழுவுவாள், மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட மீன்குழம்புச் சட்டி அவளின்ரயில்லை. வாசலில வைச்சே "என்ன, கொழுத்துப்போனாய்" எண்டு கேக்கிறதையும் இந்த இடத்தில சொல்லிவைக்கிறன்.

ஒரு விசயத்தில மட்டும் நான் விட்டுக்குடுக்கமாட்டன். இரவு அவளை வீட்டில கொண்டுவந்து விடுறது கூப்பிட்ட ஆக்களின்ர பொறுப்பு, சரி, ஆனால் பார்ட்டியில ரெண்டு பெக் போட்ட ஒருத்தரும் அவளைக் கார்ல ஏத்தக்கூடாது. "ரெண்டுதான், நான் ஸ்ரெடி" எண்டு சொல்லுற சித்தப்பாவுக்கு 16 வயசுப் பிள்ளை எப்பிடி மாட்டன் எண்டு சொல்லும்? நீங்களாவே எனக்கு அடியுங்கோ, எத்தினை மணியெண்டாலும் வாறன்.

ஒரு சின்னக் கேள்வி, மறுமொழி எதிர்பாக்கேல்ல. என்ர மகன் 14 வயசு, போன பனிக்காலம் ஒரு மாமா வீட்டு ட்ரைவ்வேயில அரை மணித்தியாலம் ஸ்நோ அள்ளினவன். மாமா 20 டொலர் நோட்டை அவன்ர கைக்குள்ள பொத்தி வைச்சு, "வேலை எண்டால் கூலி குடுக்கவேணும்" எண்டு முதுகில தட்டினவர். அதே வீட்டில இவள் எத்தினை தரம் பிள்ளை பாத்திருப்பாள்.

எல்லாரும் இப்பிடி இல்லை. மோர்னிங்சைட் பக்கம் ஒரு அக்கா இருக்கிறா, ட்வின்ஸ் பிள்ளையள். ஒரு கிழமைக்கு முதல் இவளுக்கே மெசேஜ் போடுவா, "வெள்ளி ஏழில இருந்து பதினொண்டு, உனக்கு வசதிப்படுமோ, வசதியில்லாட்டி பரவாயில்லை" எண்டு. ஃபிரிட்ஜில ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும், பால் எத்தினை அவுன்ஸ், எந்தக் காய்ச்சல் மருந்து எவ்வளவு, பக்கத்துவீட்டு நம்பர், தாங்கள் போற ஹோலின்ர அட்ரெஸ். இவளுக்கெண்டு ஒரு கோப்பையில இடியப்பமும் சொதியும் மூடி வைச்சிருப்பா. பிந்தினால் பிந்துது எண்டு மெசேஜ் வரும். அவள் வீட்டை வந்து சப்பாத்துக் கழட்ட முதல் ஈ-ட்ரான்ஸ்ஃபரில காசு வந்திடும், கீழ ஒரு வரி, "தாங்க்ஸ் செல்லம், அவை உன்னைக் கேட்டுக்கொண்டே படுத்தவை." அந்த வரியை இவள் ஸ்கிறீன்ஷொட் எடுத்து வைச்சிருக்கிறாள், நான் கண்டனான். அந்த வீட்டுக்கு எண்டால் கெமிஸ்ட்ரி சோதினை இருந்தாலும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.

என்னைப் போல தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. ஆராவது பேர்ஸைத் திறக்கேக்க எங்கட வாயை மூடிக்கொண்டு நிப்பம். நான் பழகிக்கொண்டு இருக்கிறன், போன கிழமை ஒரு வீட்டில நாக்கைக் கடிச்சுக்கொண்டு சுவரில இருந்த முருகன் படத்தையே பாத்துக்கொண்டு நிண்டன், சாமி கும்பிடுறன் எண்டு நினைச்சிருப்பினம்.

அடுத்த மாசம் 14 ஆம் திகதி கலியாணவீட்டு ரிசெப்ஷனுக்கு ஆள் வேணும் எண்டு இப்பவே மூண்டு பேர் எனக்கு அடிச்சிட்டியள். நான் ஓமெண்டும் சொல்லேல்ல, இல்லையெண்டும் சொல்லேல்ல. அவளிட்டக் கேளுங்கோ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மெசேஜ் போட்டால் பாப்பாள், பள்ளிக்கூட நேரம் போன் லொக்கருக்குள்ள.