ஊட்டிப் பயணம்: தண்ணீர் பாட்டில் வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். வேனில் இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டில் வாங்கிப் போட்டுவிடலாம் என்று நேற்று பேசினோம் இல்லையா, அது வேண்டாம். நீலகிரி மாவட்டத்தில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் குளிர்பான பாட்டில்களுக்கும் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். இருந்தால் பறிமுதல், அதோடு அபராதமும்.

மலைக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. குன்னூர் மலைப்பாதையில் வீசும் பாட்டில் சரிவில் உருண்டு ஓடைக்குப் போகும், அங்கிருந்து பவானி ஆற்றுக்கு. கீழே மேட்டுப்பாளையத்தில் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். காட்டுக்குள் விழுந்ததைப் பொறுக்க ஆள் கிடையாது. அது மக்கவும் மக்காது, வெயிலில் நொறுங்கித் துகளாகி மண்ணோடு கலந்துவிடும். (பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோமே என்பவர்களுக்கு: அந்த பாட்டில் செய்யவே பெட்ரோலியம் வேண்டும். அப்புறம் பாட்டிலில் அடைக்கும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ஆலையில் நிலத்தடி நீரின் ஒரு பங்கு உப்புநீராக வெளியே போகிறது.)

சரி, தாகத்துக்கு? ஊட்டி, குன்னூரில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. காசு போட்டுப் பிடித்துக்கொள்ளலாம், சில்லறை கையில் இருக்கட்டும். வேனில் 20 லிட்டர் கேன் ஒன்று ஏற்றிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். வீட்டில் உபரியாக இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே சொல்லுங்கள், இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம்.