பெட்டகப் பூட்டின் அணுகல் முறை தவறாக அமைக்கப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

கல்முனை,
20.06.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

கல்முனையில் உள்ள எமது புடைவைக் கடைக்காக 2024 நவம்பரில் தங்கள் நிறுவனத்திடம் இலத்திரனியல் பூட்டுடன் கூடிய பெட்டகமொன்றை வாங்கினோம். பற்றுச்சீட்டினதும் உத்தரவாதப் பத்திரத்தினதும் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். பெட்டகத்தின் இரும்பிலோ கதவிலோ எமக்குக் குறையில்லை. அதை யார், எப்போது திறக்கலாம் என்பதைத் தங்கள் தொழினுட்பவியலாளர் அமைத்த விதமே எனது முறைப்பாடு.

எம்மிடம் ஏற்கெனவே இரண்டு திறப்புகள் கொண்ட பழைய இரும்புப் பெட்டகம் இருந்தது. அதை விட்டுவிட்டு இதற்குப் பணம் செலவிட்டதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரகசிய இலக்கம் உண்டு, திறந்தவர் யார் என்பதும் திறந்த நேரமும் பூட்டின் நினைவகத்தில் பதிவாகும், இலக்கத்தை அழுத்திய பின்னரும் பத்து நிமிடம் கழித்தே கதவு திறக்கும், இரவு 8.30 முதல் காலை 8.30 வரை எவராலும் திறக்க முடியாது என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி விளக்கியதே ஆகும். ஞாயிற்றுக்கிழமை வங்கி இல்லாததால் சனி, ஞாயிறு விற்பனைப் பணம் திங்கள் காலை வரை கடையிலேயே இருக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு இவை தேவையான வசதிகளே.

ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரத்தின்போது, ஜூன் 2 ஆம் திகதி திங்கட்கிழமை காலை வங்கியில் வைப்புச் செய்வதற்காகப் பணத்தை எண்ணியபோது ரூபா 185,000 குறைந்திருந்தது. பலமுறை தொலைபேசியில் அழைத்த பின்னர் 9 ஆம் திகதி வந்த தங்கள் தொழினுட்பவியலாளர் பூட்டின் பதிவை எடுத்துத் தந்தார். அதில் ஜூன் 1 ஞாயிறு இரவு 9.46 மணிக்கு, 1 ஆம் இலக்கப் பயனர் பெட்டகத்தைத் திறந்ததாக இருந்தது. எமது கடை இரவு 8.00 மணிக்கே மூடப்படும். அதன் பின்னர் அங்கு இருப்பவர் காவலாளி மட்டுமே. பதினொரு ஆண்டுகளாக எம்மிடம் வேலை செய்யும் அந்த மனிதரை அன்று காலை அனைவரும் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

தற்செயலாகவே நான் பூட்டின் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது நேரம் காலை 10.20. பூட்டு இரவு 10.20 என்று காட்டியது. பெட்டகம் உண்மையில் திறக்கப்பட்டது ஞாயிறு காலை 9.46 மணிக்கு, கடையில் ஆட்கள் நிறைந்திருந்த வேளையில். ஏப்ரல் மாதம் நாம் பற்றரி மாற்றியபோது கடிகாரம் பிழைத்திருக்கலாம் என்று தங்கள் அலுவலகத்தில் கூறினார்கள். பெப்ரவரி மாதப் பதிவுகளையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவற்றின்படி நாம் பகல் முழுவதும் உறங்கிவிட்டு நள்ளிரவில் புடைவை விற்றிருக்கிறோம். மேலும், இந்தக் கடிகாரத்துடன் இரவு நேரத் தடை உண்மையில் இயங்கியிருந்தால் பெட்டகம் பகலில் ஒருநாளும் திறந்திருக்க முடியாது. நாள்தோறும் பகலில் திறந்தது என்பதே அந்தத் தடை அமைக்கப்படவில்லை என்பதற்குச் சான்று. பத்து நிமிடத் தாமதமும் இருக்கவில்லை. அது பூட்டின் இயல்பான வேகம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதைவிடப் பாரதூரமானது பயனர் இலக்கம். நான், எனது தம்பி, கடை முகாமையாளர், காசாளர் இருவர் ஆகிய ஐவரும் ஒரே இலக்கத்தையே பயன்படுத்தும்படி அமைத்துள்ளீர்கள். ஆகவே யார் திறந்தாலும் பதிவில் வருவது 1 ஆம் பயனரே. மார்ச் மாதத்தில் காசாளர் ஒருவர் வேலையை விட்டு விலகியபோது அவரது அணுகலை நீக்கித் தருமாறு கேட்டோம். ரூபா 12,500 அறவிட்டுக்கொண்டு வந்தவர், பழைய பொது இலக்கத்தை நீக்கி இன்னொரு பொது இலக்கத்தை வைத்துவிட்டுப் போனார். 9 ஆம் திகதி வந்தவரோ, பூட்டின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கு ஒன்றிலிருந்து ஆறு வரையான எண்களை வரிசையாக அழுத்தினார். தொழிற்சாலையில் வைத்த தலைமை இலக்கம் ஏழு மாதமாக மாற்றப்படவேயில்லை.

பூட்டு, பூட்டுகளுக்கான ஐரோப்பியத் தரமாகிய ஈ.என். 1300 இன் தரச்சான்று பெற்றது என்று தங்கள் அலுவலகத்தில் பதிலளித்தார்கள். அந்தச் சான்று பூட்டைப் பற்றியது, அதை அமைத்தவரின் கவனத்தைப் பற்றியது அல்ல. கையளிப்புப் படிவத்தில் எதையும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டது எனது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது, செயல்முறை விளக்கம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

காணாமற்போன பணத்தைத் தங்களிடம் நான் கேட்கவில்லை. அதை எடுத்தது தங்கள் நிறுவனம் அல்ல. பூட்டின் கடிகாரம் பொருத்திய நாளிலிருந்தே பன்னிரண்டு மணி நேரம் பிழையாக இருந்ததையும், ஐவருக்கும் ஒரே இலக்கம் வழங்கப்பட்டிருந்ததையும் தங்கள் நிறுவனக் கடிதத்தாளில் எழுதித் தர வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அது தேவைப்படுகிறது, காவலாளியின் கையிலும் அதன் பிரதியொன்றைக் கொடுக்க விரும்புகிறேன். மார்ச் மாதம் அறவிட்ட ரூபா 12,500 ஐத் திருப்பித் தருவதுடன், வாக்களித்த அனைத்தையும் இலவசமாக அமைத்துத் தர வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

தொழினுட்பவியலாளரை வெள்ளிக்கிழமை தவிர்ந்த ஒரு நாளில், கடை திறப்பதற்கு முன்னர் காலை 8.30 மணிக்கு அனுப்பி வையுங்கள். பெட்டகத்தைத் திறக்கும் அனைவரும் அங்கு இருப்போம். ஒவ்வொருவரும் தத்தமது இலக்கத்தைத் தாமே அழுத்திப் பதிவுசெய்வார்கள். அப்போது தங்கள் ஊழியர் உட்பட மற்ற எவரும் விசைப்பலகையைப் பார்க்காத தூரத்தில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கடை உரிமையாளர்