வானியல் பிஎச்.டி.யில் சேர்ந்த பிறகு?

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்வெளித் துறையில் சேர என்ன படிக்க வேண்டும், இயற்பியல் பிஎச்.டி.க்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்றெல்லாம் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. நல்ல விஷயம், நானும் அப்படி ஒரு பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டுதான் விண்ணப்பித்தேன். ஆனால் இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு முதல் வருடத்தை எப்படிக் கடப்பது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இப்போது நான்காம் ஆண்டில் இருக்கிறேன். புதிதாக வருகிற தம்பி தங்கைகள், அதிலும் சின்ன ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள், இயற்பியலில் கெட்டியாக இருந்தும், எது எங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்று தெரியாத ஒரே காரணத்தால் மாதக்கணக்கில் திணறுகிறார்கள்.

போன மாதம் ஒரு மாணவி, ஆய்வுக்கட்டுரை ஒன்றில் இருந்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முந்நூறு நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண்கள், இரண்டு நாளாக எழுதுகிறாள். பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் தரவு மையம் நடத்தும் விசியர் தளத்தில் அந்த அட்டவணை அப்படியே இருந்தது, இறக்கிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி வைத்ததை என்னால் மறக்க முடியவில்லை. அதே மையத்தின் சிம்பாட் தளத்தில் ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால் போதும், அதற்கு இருக்கிற மற்ற பெயர்கள், வானில் அதன் இடம், அதைப் பற்றி வந்த கட்டுரைகள் எல்லாம் வந்துவிடும்.

கட்டுரை தேட நாசாவின் ஏ.டி.எஸ். ஒன்றே போதும். ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்தால், அது யாரையெல்லாம் மேற்கோள் காட்டுகிறது, பிறகு வந்தவர்கள் யார் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கலாம். புதிதாக வருவதைப் பார்க்க, ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கப் போடுகிற ஆர்கைவ் தளம் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் காபி குடிக்கிற நேரத்துக்குள் அன்றைய பட்டியல் வந்துவிடும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், தலைப்புகளைப் பார்த்து இரண்டு சுருக்கங்களைப் படித்தாலே ஆறு மாதத்தில் ஆங்கிலக் கட்டுரை மீது இருக்கிற பயம் போய்விடும். தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு அப்படித்தான் போனது.

பெரிய கணினி இல்லையே என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். கயா விண்கலம் ஏறக்குறைய 180 கோடி நட்சத்திரங்களை அளந்திருக்கிறது, அத்தனையையும் யாரும் லேப்டாப்பில் இறக்குவதில்லை. டாப்கேட் என்ற இலவச மென்பொருளிலிருந்தே கேள்வியை அனுப்பி, நமக்கு வேண்டிய சில ஆயிரம் வரிகளை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அங்கேயே வரைபடமும் போடலாம். ஊரில் நெட் மெதுவாக இருந்தாலும் வேலை நடக்கும்.

அப்புறம் பைத்தான் நிரல்மொழி, அதில் வானியல் கணக்குகளுக்கென்றே இருக்கிற ஆஸ்ட்ரோபை என்ற இலவசத் தொகுப்பு. இதை என் அனுபவத்தோடுதான் சொல்ல வேண்டும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரம் ஒன்றின் மறைப்பு நேரங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் மறைப்பு ஏழெட்டு நிமிடம் முன்னால் வந்தது, சில மாதங்களில் அதே அளவு தாமதமானது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நட்சத்திரம் இழுக்கிறது என்று நம்பி இரண்டு மாதம் கணக்குப் போட்டேன். வரைபடத்தைப் பார்த்த சீனியர் அக்கா, "இந்த ஏற்ற இறக்கம் சரியா ஒரு வருஷத்துக்கு ஒருமுறை வருதே, நேரத்தைத் திருத்தினியா?" என்று கேட்டார். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி நம்மிடம் வந்து சேரும் நேரமே எட்டு நிமிடம் வரை முன்பின் ஆகும். என் நட்சத்திரம் ராசிமண்டலத்தை ஒட்டி இருந்ததால் அந்த வித்தியாசம் முழுசாகத் தெரிந்தது. நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்ற ஆஸ்ட்ரோபையில் சில வரிகள் போதும், இரண்டு மாதக் கணக்கும் அன்று மாலையே போனது. அலகுகளை எண்ணோடு சேர்த்தே எழுதும் வசதியும் அதில் இருக்கிறது, முதல் நாளிலிருந்தே பழக்கிக்கொள்ளுங்கள். நிரல்களை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் சேமியுங்கள், பென்டிரைவை நம்பாதீர்கள்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் இப்போது டிஜிட்டலாகக் கிடைக்கின்றன. 2015இல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட் என்ற வானியல் செயற்கைக்கோளின் தரவுகளும் பொதுவில் இருக்கின்றன. எம்.எஸ்சி. படிக்கும்போதே ஒரு சூரியப் படத்தைத் திறந்து கரும்புள்ளிகளை எண்ணிப் பார்த்த மாணவருக்கு, பிஎச்.டி. முதல் நாள் பயமாக இருக்காது.

நம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளிடம் நான் கேட்பது இதுதான். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் வாரம் ஒரு மணி நேரம் கணினி ஆய்வகத்தைத் திறந்துவிட்டு இவற்றைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், செலவு எதுவும் இல்லை. உங்கள் கல்விப் பக்கத்திலும், ஆசிரியர் அவர்களே, நுழைவுத் தேர்வுக்குக் கொடுக்கிற இடத்தில் கால்வாசி இதற்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும். எழுதித் தர நானும் என் நண்பர்களும் தயார்.

இப்படிக்கு,
வானியல் ஆய்வு மாணவி ஒருத்தி,
திருவண்ணாமலை மாவட்டம்